சுடாத நெருப்பு

வசுந்தரா அக்காவின் இடது முன்னங்கையில் ஐந்து தழும்புகள் இருக்கின்றன. மேலே நான்கு, அடியில் ஒன்று. ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் ஒளிக்க மாட்டார். சட்டைக் கையை மடித்துக் காட்டுவார். பிறகு இறக்கிவிடுவார். அவ்வளவுதான்.

கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். பன்னிரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். உயிர் போன உடம்புகளைத் தனியாக நின்று கழுவி, உடுத்தி, கண்ணை மூடிவிட்டு, பிறகு குசினிக்குப் போய்க் கோப்பி குடித்தவர். யாராவது பேய்க்கதை தொடங்கினால், "உங்களுக்கு வேற வேலை இல்லையே" என்று எழும்பிப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு நடந்தது இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. நேரங்கள்கூட அவர் சொன்னவைதான். அன்று கையில் மணிக்கூடு கட்டியிருந்தார்.

2005 நவம்பர் 26, சனிக்கிழமை. நடுச்சாமம் அல்ல. பின்னேரம் 4.05 தொடக்கம் 5.40 வரை.

அந்த வருடம் ஆடி மாதம்தான் அக்காவும் அவருடைய கணவர் பாஸ்கரன் அண்ணையும் அந்த வீட்டை வாங்கினார்கள். மூன்ஸ்ரர் நகரத்துக்கு மேற்கே, ஒரு சின்ன ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளி, வயல்களுக்கு நடுவே நின்ற செங்கல் வீடு. பல வருடம் பூட்டிக் கிடந்தது. அண்ணை வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலைக்குப் பக்கம் என்பதால் வாங்கினார்கள். அப்போது மகள் கிருசாந்திக்கு ஆறு வயது.

வீடு பிடித்திருந்தது. சண்டை ஒன்றே ஒன்றில்தான் வந்தது. முன் அறையில் இருந்த கணப்பு.

ஜேர்மன்காரர் கமின் என்பார்கள். சுவருக்குள் ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய பெரிய பொந்து, சுற்றிவரக் கறுப்புக் கல், மேலே புகைபோக்கி. அதில் விறகு எரிப்பதா, காஸ் பூட்டுவதா? ஐப்பசி முழுக்க வீட்டில் இதே கதைதான்.

"சாம்பல் அள்ளுறது ஆர்? நீங்களோ?" என்பார் அக்கா. "பிள்ளை ஓடித் திரியிற வீடு. காஸ் எண்டால் கண்ணாடிக்குப் பின்னால எரியும். பட்டனை அமத்தினால் நிக்கும்."

"அது நெருப்போ? டிவியில பார்க்கிற நெருப்பு" என்பார் அண்ணை. "இறைச்சிக் குளிரறையில நாள் முழுக்க மைனஸ் இருவதில நிக்கிறவனைக் கேளும், நெருப்பெண்டால் என்னெண்டு சொல்லுவன்."

காஸ் பூட்டுகிறவன் ஒருநாள் வந்து அளவெடுத்துக்கொண்டு, படப் புத்தகம் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனான். அக்கா அதில் ஒரு பக்கத்தை மடித்து வைத்தார். அடுத்த கிழமை லொறியில் வெள்ளையான விறகுக் கட்டைகள் வந்து பின் வளவில் இறங்கின. அண்ணை கேட்காமல் கொள்ளாமல் வாங்கியிருந்தார். அக்கா இரண்டு நாள் பேசவில்லை.

கணப்பின் வாயை ஒரு தடித்த இரும்புத் தகடு மூடியிருந்தது. அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து அண்ணை அதைக் கழற்றினார். பன்னிரண்டு ஆணிகள். மாலை அக்கா வந்து பார்த்தபோது தகடு சுவரில் சாத்திக் கிடந்தது. அதன் நடுப்பகுதி அறைப் பக்கமாகப் புடைத்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை. பல இடங்களில்.

"உள்ளுக்கிருந்து அடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா.

"கறள் பிடிச்சு வீங்கியிருக்கு."

துருப் பிடித்தால் இரும்பு அப்படி வீங்குமா என்று அக்காவுக்குத் தெரியாது. விட்டுவிட்டார்.

ஜேர்மனியில் கணப்பு மூட்ட நினைத்தவுடன் மூட்ட ஏலாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான புகைபோக்கிக்காரர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அவர் பெயர் அல்பேர்ட். தொலைபேசியில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிற மனிதர். டிசம்பர் 12ஆம் திகதி வந்து பார்ப்பதாக ரெர்மின் கொடுத்தார். "அதுவரைக்கும் ஒரு தீக்குச்சிகூட வேண்டாம், திருமதி பாஸ்கரன்" என்றார்.

நவம்பர் 25, வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கியது. வழக்கமான பனி இல்லை. ஈரமான, கனமான பனி. மரக் கொப்புகள் முறிந்தன. மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். மாலை 5.50க்குக் கரண்ட் நின்றது. கரண்ட் இல்லாமல் எண்ணெயில் ஓடும் ஹீற்றரும் வேலை செய்யாது. அதுவும் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் ஆறு பாகை. கைத்தொலைபேசிகள் செத்துவிட்டன. தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன. கிருசாந்தி மூன்று போர்வைக்குள்ளும் நடுங்கி நடுங்கி இருமினாள்.

அண்ணை கணப்பைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அல்பேர்ட் வேண்டாமெண்டவர்" என்றார் அக்கா.

"அல்பேர்ட்டின்ட பிள்ளையோ இருமுது?"

அக்கா மகளின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. "சரி, மூட்டுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை அவர் தன்னை மன்னிக்கவில்லை.

அண்ணை வளவுக்குப் போய்ப் பனிக்குள் புதைந்து கிடந்த விறகில் நான்கு கட்டைகள் எடுத்து வந்தார். நான்கும் ஊறிப்போய்த் தண்ணீர் சொட்டின. "இது பிடிக்காது" என்றார் அக்கா. அண்ணை பழைய பேப்பரைச் சுருட்டி அடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். மணி 4.05.

குப்பென்று பிடித்தது.

ஈர விறகு சீறும். வெடிக்கும். புகையும். இது ஒன்றும் செய்யவில்லை. நான்கு கட்டைகளையும் சுற்றி மஞ்சள் நெருப்பு ஒரே சீராக எழும்பி நின்றது. அண்ணை சிரித்தார். "பார்த்தீரோ? இதுக்குப் போய் ஒரு மாசம் சண்டை பிடிச்சீர்."

அக்காவும் சிரித்தார். போர்வையை விரித்து, மகளைக் கணப்புக்கு நேரே இருத்தினார்.

4.20. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. அறை முழுக்க நெருப்பு வெளிச்சம் ஆடியது. அக்கா கணப்புக் கல்லில் கையை வைத்தார்.

ஐஸ் மாதிரி இருந்தது.

கையை உள்ளே இன்னும் கொஞ்சம் நீட்டினார். நெருப்புக்கு ஒரு சாண் தூரம். ஒன்றும் இல்லை. சூடே இல்லை. பேசும்போது வாயிலிருந்து ஆவி போனது. மேலே கல்லில் வைத்திருந்த மெழுகுதிரிகூட இளகவில்லை.

"அம்மா" என்றாள் கிருசாந்தி. "நெருப்புக் குளிருது."

"கொஞ்சம் பொறம்மா. கல்லு சூடாக நேரம் எடுக்கும்" என்றார் அண்ணை. ஆனால் அவரும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு மெல்ல இழுத்துக்கொண்டதை அக்கா கண்டார்.

4.35.

டக்... டக்...

புகைபோக்கிக்குள் இருந்து வந்தது. விரல் மொளியால் கல்லில் தட்டுவது போல.

"பனி விழுகுது" என்றார் அண்ணை.

டக்... டக்... டக்...

பனி மேலிருந்து விழும். இந்தச் சத்தம் கீழே இறங்கி வந்தது. முதலில் கூரைக்கிட்ட. பிறகு மேல்மாடிச் சுவருக்குள். பிறகு அவர்களுடைய தலைக்கு நேரே.

நின்றது.

5.15. கிருசாந்தியின் இருமல் நின்றுவிட்டது. பிள்ளை அசையாமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தாள். யாரோ மெதுவாகப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது போல.

"என்ன பார்க்கிறாய்?" என்றார் அக்கா.

பிள்ளை கண் இமைக்கவில்லை.

அக்கா மகளின் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கட்டைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

ஐந்து.

மறுபடி எண்ணினார். ஐந்துதான்.

ஐந்தாவது மற்றவற்றுக்குப் பின்னால் கிடந்தது. குட்டையானது. கறுப்பு. ஒருபக்கம் வளைந்திருந்தது.

"எத்தினை கட்டை வச்சனீங்கள்?"

"நாலு. ஏன்?"

அக்கா விரலை நீட்டினார். அண்ணை குனிந்து பார்த்தார். நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்தார். மணி 5.18. அந்த நேரத்தை அக்கா ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

கம்பி ஐந்தாவது கட்டையில் பட்டது.

கட்டை திரும்பியது.

கம்பி நின்றது. அண்ணை இழுத்தார். வரவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றார்.

"என்ன?"

"கம்பியை... பிடிச்சிருக்கு..."

ஒரே இழுவை. அண்ணை தொண்ணூறு கிலோ. பாதி மாட்டைத் தோளில் சுமக்கிறவர். பொம்மையைப் போல முன்னால் போனார். நெற்றி கணப்புக் கல்லில் மோதியது.

மளக்.

இரத்தம் கல்லில் சொட்டியது. சமதரையான கல். ஆனாலும் துளிகள் நிற்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நெருப்பை நோக்கி ஓடின.

கம்பி உள்ளிருந்து பறந்து வந்தது. கிருசாந்தியின் தலைக்கு மேலாக. யன்னல் கண்ணாடி நொறுங்கியது. குளிர் அறைக்குள் பாய்ந்தது. நெருப்பு ஆடவே இல்லை.

அண்ணை எழும்பப் பார்த்தார். வலது கை உள்ளே போனது. மணிக்கட்டு... முழங்கை... தோள்.

அவர் கத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அக்கா ஒரு ஆண் அப்படிக் கத்திக் கேட்டதில்லை.

அக்கா அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தார். கால்களைக் கல்லில் உதைத்து இழுத்தார். உள்ளே ஏதோ முறிந்தது. சத்தம் கேட்டது. இறைச்சி கருகும் மணம் வந்தது.

அக்கா இடது கையை நெருப்புக்குள் விட்டார்.

அப்போதுதான் பிடித்தது.

ஐந்து விரல். ஒவ்வொன்றாக மடிந்து அக்காவின் முன்னங்கையைச் சுற்றின. சுடாத அந்த நெருப்புக்குள் அந்த விரல்கள் மட்டும் சுட்டன. பழுக்கக் காய்ச்சிய இரும்பு போல.

அக்கா கத்தவில்லை. விறகுக் கூடைக்குள் கைக்கோடாலி இருந்தது. வலது கை அதைத் தேடியது. கிடைத்தது.

வெட்டினார்.

விறகில் விழுகிற வெட்டு இல்லை அது. ஊரில் ஆடு அடித்துப் பங்கு போட்டு வெட்டும்போது எலும்பில் கத்தி பிடிக்குமே... அப்படி.

இரண்டாவது வெட்டு.

மூன்றாவது.

உள்ளே ஏதோ விம்மியது.

நான்காவது.

விட்டது.

அண்ணை பின்னால் சரிந்தார். அவருடைய சட்டைக் கை எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது. அக்கா மூச்சு விட்டார்.

சர்ர்ர்...

திரும்பிப் பார்த்தார்.

போர்வை. அதன் ஒரு மூலை கணப்புக்குள் இருந்தது.

சர்ர்ர்...

போர்வை உள்ளே போனது. அதன்மேல் கிருசாந்தி இருந்தபடியே போனாள். அழவில்லை. தலையை ஆட்டினாள்.

"ஓம்" என்றாள். "வாறன்."

அக்கா பாய்ந்தார். பிள்ளையின் தலைமயிர் கையில் அகப்பட்டது. அதைத்தான் பிடித்தார். பிள்ளையின் கால்கள் கல்லைத் தாண்டிவிட்டன. சப்பாத்துகள் மஞ்சளுக்குள் மறைந்தன.

இழுத்தார்.

உள்ளிருந்தும் இழுத்தது.

அண்ணை ஒற்றைக் கையோடு தவழ்ந்து வந்தார். கோடாலியைப் பொறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நெருப்புக்குள் எறிந்தார்.

ஒரு கணம் பிடி தளர்ந்தது. அது போதும்.

எப்படிக் குசினிக் கதவால் வெளியே வந்தார்கள் என்று அக்காவுக்கு நினைவில்லை. பனி முழங்காலுக்கு மேலே. பிள்ளை தோளில். அண்ணையின் வலது கை கயிறு போலத் தொங்கியது. மணி 5.40.

அக்கா திரும்பிப் பார்த்தார். உடைந்த யன்னல் தெரிந்தது.

அறை இருட்டாக இருந்தது. ஒரு பொறிகூட இல்லை.

அவர்கள் தெருவால் விழுந்து எழும்பி நடந்தார்கள். விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டு உழவு இயந்திரத்தில் வந்த தீயணைப்புத் தொண்டர்கள் 6.10க்கு அவர்களைக் கண்டார்கள். அன்றிரவே மூன்ஸ்ரர் ஆஸ்பத்திரியில் அண்ணைக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. தோள்மூட்டு நொறுங்கியிருந்தது. இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைக்குக் காலில் கீறல்கூட இல்லை. சப்பாத்துகள் மட்டும் இல்லை.

மறுநாள் காலை ஒரு பெண் வைத்தியர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கூட ஒரு பொலிஸ்காரியும் இருந்தார். வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் கையைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"இது உங்கள் கணவரின் கை பதிந்த அடையாளம்தானே? இங்கே நீங்கள் பயப்படாமல் சொல்லலாம்."

அக்கா இல்லை என்றார். அவர்கள் நம்பவில்லை. தங்கள் தொழிலில் நூறு பெண்கள் இல்லை என்று சொல்லிக் கேட்டிருப்பார்கள். பொலிஸ்காரி ஒரு சின்ன அளவுகோலை எடுத்துக் காயங்களை அளந்தார். ஒவ்வொரு விரலாக அளந்தார். ஒருமுறை அளந்ததை மறுபடி அளந்தார். பிறகு வைத்தியரைப் பார்த்தார்.

"வீட்டில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார் வைத்தியர்.

"ஒண்டு."

"எத்தனை வயது?"

"ஆறு. ஏன்?"

வைத்தியர் அக்காவின் கையை மெதுவாகத் திருப்பினார். "இது பெரிய ஆளின் கை இல்லை. ஏழு, எட்டு வயதுப் பிள்ளையின் கை."

அவர்கள் போன பிறகு அக்கா கட்டிலில் இருந்தபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வெட்டு. நான்காவதுக்கு முன்னால் ஒரு விம்மல் கேட்டது. பன்னிரண்டு வருடம் செத்தவர்களைக் கழுவிய கை அது.

பொலிஸ் கோப்பு 'விபத்து' என்று மூடப்பட்டது.

அக்கா அந்த வீட்டுக்கு மறுபடி ஒரே ஒருமுறை போனார். பாஸ்போட்டுகளும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் அங்கே இருந்தன. தனியாகப் போகத் துணிவு வரவில்லை. டிசம்பர் 12ஆம் திகதி அல்பேர்ட் வரும் நாள், அன்றைக்கே போனார். காலை பத்து மணி. நல்ல வெயில்.

அல்பேர்ட் கறுப்பு உடுப்பில், ஏணியும் தூரிகையுமாக வந்தார். அக்கா நடந்ததைச் சொல்லவில்லை. "நாங்கள் ஒருதரம் மூட்டிப்போட்டம். மன்னிக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

அல்பேர்ட் முகம் சுளித்துக்கொண்டு கூரைக்கு ஏறினார். இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தார். முன் அறைக்குப் போய்க் கணப்புக்கு முன்னால் முழங்காலில் நின்று, லைற் அடித்துப் பார்த்தார். கையை விட்டுத் தடவினார். வெளியே எடுத்த கை சுத்தமாக இருந்தது. கரி இல்லை. சாம்பல் இல்லை. நான்கு கட்டைகளும் வைத்தபடியே, வெள்ளையாக, இன்னும் ஈரமாகக் கிடந்தன.

"நீங்கள் இதை மூட்டவில்லை" என்றார்.

"மூட்டினம். ஒண்டரை மணித்தியாலம் எரிஞ்சது."

"திருமதி பாஸ்கரன், இந்தப் புகைபோக்கி மேலே கொங்கிறீற்றால் அடைத்துக் கிடக்கிறது. ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. இதில் நெருப்பு எரிந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் நீங்கள் மூன்று பேரும் மூச்சடைத்துச் செத்திருப்பீர்கள்."

அக்கா கணப்பை விட்டு ஓரடி பின்னால் போனார்.

அல்பேர்ட் வெளியே போய் வாகனத்திலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். அவருக்கு முன்பு அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் எழுதி வைத்தது. யார் வீட்டில், எந்தத் திகதி, என்ன வேலை என்று ஒவ்வொரு வரியும் ஒழுங்காக இருந்தது. பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். வாசித்தார். பிறகு புத்தகத்தை அக்கா பக்கம் திருப்பினார்.

நீல மையில், சாய்வான பழைய எழுத்து. அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்.

9 மார்ச் 1961. புகைபோக்கி நிரந்தரமாக அடைக்கப்பட்டது. வேலை அவசரமாக, அன்றைக்கே முடிக்கப்பட்டது. வீட்டுக்காரர் சொன்ன காரணம்: இரண்டாவது பிள்ளையையும் அது எடுத்துக்கொண்டது.